அக்காவின் கன்னத்து நிழல்

லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு முழு பிலிம் ரோலையும் எடுத்து முடித்தவன் நான். என்னைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

அதில் என் தப்பு பாதிதான். மீதி அந்தக் கேமராவுடையது. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா அது. என்னைவிட வயதில் மூத்தது. இப்போதைய கேமராக்களில் லென்ஸ் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். இதில் நமக்கென்று மேல் மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். லென்ஸ் மூடியே கிடந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். நாமும் பெரிய கலைஞன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருப்போம். பிலிம் உள்ளே கும்மிருட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த ரோலைக் கழுவி விளக்குக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அக்கா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லாத்துலயும் நான் நல்லா வந்திருக்கேன்டா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் நான் கேமராவைத் தூக்கினால், "மூடி?" என்பாள். அவ்வளவுதான். நான் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

நீங்கள் அக்காவைப் பற்றித்தான் கேட்டீர்கள். சொல்கிறேன் ஐயா, எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம், பரவாயில்லை.

அவளுக்கு ஒரு கணவர் இருந்தார். இப்போது அவர் வேறொருத்தியின் கணவர். "அளவெடுக்காம தைச்ச சட்டைடா அது" என்று ஒரே வரியில் அந்தக் கதையை முடித்துவிட்டு, தையல் இயந்திரத்தோடு என் இரண்டு அறை வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் உள்ள அறை அவளுக்கு. எனக்குக் கட்டில் போட்ட இடமும் குளியலறையும். குளியலறைதான் என் இருட்டறை. உள்ளே நான் பிலிம் கழுவிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டி, "டேய், மனுஷங்களும் கழுவிக்கணும்" என்பாள்.

ஆயத்த ஆடைகள் தைக்கும் ஒரு கூடத்தில் அவளுக்கு வேலை. காலர் மட்டும்தான் தைப்பாள். காலரின் இரண்டு முனையும் ஒரே மாதிரி வருவது லேசான காரியம் இல்லை என்பார்கள். துணிக்கு நூல் பொருத்துவதிலும் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. எனக்கு வெள்ளை என்றால் வெள்ளை. அவளுக்கு வெள்ளையிலேயே ஒரு பெரிய குடும்பம் உண்டு, அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா என்று.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட் படம். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, சிரிக்காதீங்க." மனிதர்களிடம் சிரிக்காதே என்று சொல்லிச் சம்பளம் வாங்கி வயது நாற்பத்தாறு ஆகிவிட்டது. மற்ற நேரத்தில் அந்தப் பழைய கேமராவோடு தெருத் தெருவாகப் போவேன். ஈரச் சுவர், படிக்கட்டு, பூட்டிய கடை, பேருந்துக்குக் காத்திருக்கும் முதுகுகள். போட்டிகளுக்கு அனுப்புவேன், திரும்பி வரும். போட்டி நடுவர் ஒருவர் என் படங்களில் "நிதானம் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அதை அக்காவிடம் காட்டினேன். "தூக்கம் வருதுன்னு எவ்வளவு மரியாதையா சொல்லியிருக்கான் பாரு" என்றாள்.

சிரித்தேன். ஆனால் ஐயா, அந்தச் சமயத்தில் எனக்குள் என்னவோ முடிந்துகொண்டிருந்தது. ஸ்டூடியோ முதலாளி, தானாகவே படம் எடுத்துத் துப்புகிற இயந்திரப் பெட்டி ஒன்றை வரவழைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிக்காதே என்று அதுவும் சொல்லுமாம். நான் செத்துப் போனால் இந்த உலகத்தில் என்ன குறையும் என்று கணக்குப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. காலையில் எழுந்தால் மார்பின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். எழுந்து பல் தேய்ப்பேன். வெளியே யாருக்கும் தெரியாது. நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்றுதான் எல்லோருக்கும் பெயர்.

அப்போதுதான் அக்கா மெலிய ஆரம்பித்தாள்.

நன்றாகச் சாப்பிட்டாள், ஆனால் உடம்பு கரைந்தது. ராத்திரி தூக்கம் இல்லை. கை நடுங்கியது. கண்கள் மட்டும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தன. எதையோ பார்த்துத் திடுக்கிட்டு, அந்தத் திடுக்கிடல் திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றுவிட்டதுபோல. ஒரு நாள் மத்தியானம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்ன எலும்புக்குக் கீழே ஒரு நிழல் விழுந்திருந்தது. அதற்கு முன்னால் அந்த முகத்தில் அப்படி ஒரு நிழல் கிடையாது. விழ இடம் இல்லை.

கேமராவை எடுத்தேன். அதன் ஜன்னலுக்கு நடுவே மங்கலான மஞ்சள் சதுரம் ஒன்று இருக்கும். அதில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். இரண்டு அக்காவும் ஒரே அக்காவாகச் சேர்கிற இடத்தில் அழுத்த வேண்டும். ஷட்டர் பெரிதாகச் சத்தம் போடாது. யாரோ பரிதாபப்பட்டு "ச்சு" கொட்டுவது மாதிரிதான் இருக்கும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் படத்தையும் பின்னால் எடுத்த சிலவற்றையும் எடுத்துக்கொண்டு, நாற்காலிக் கடைக்கு மேலே படக்கூடம் நடத்துகிற அம்மாவிடம் போனேன். பத்து வருடமாக என்னைப் படியிலேயே நிற்க வைத்துப் பேசுகிறவர். அன்று உட்காரச் சொன்னார். படங்களை மேசையில் பரப்பிக் குனிந்து பார்த்தார். பிறகு, இந்த முகத்தில் இருப்பதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, ஒரு சுவர் நிறையக் கொண்டு வாருங்கள், குளிர்காலத்தில் மாட்டலாம் என்றார். கீழே இறங்கி வந்தேன். நாற்காலிக் கடையில் ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டேன். வாங்கப் போகிறேன் என்று நினைத்து அவர்களும் உபசரித்தார்கள்.

அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. ஒழுங்காக என்பதை இரண்டு தரம் சொன்னார். நடுங்குகிற கையால் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க அக்காவால் முடியவில்லை. அதனால் தினமும் பிதுக்கி, தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். "பாஸ்போர்ட்டு, நீ நர்ஸாப் போயிருந்தா உருப்பட்டிருப்ப" என்பாள்.

மாத்திரை வேலை செய்தது. கொஞ்ச நாளில் கை நடுக்கம் நின்றது. தூங்கினாள். வேலைக்குத் திரும்பப் போனாள். முதல் நாள் தைத்த காலர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டி, ரெண்டு முனையையும் பாரு, பாரு என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கன்னம் நிரம்பிக்கொண்டு வந்தது. நிழல் போய்விட்டது.

புதுப் படங்களைப் படக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவங்க யாரு, உங்க அக்காவோட தங்கச்சியா?" என்றார். இல்லை, அக்காதான், குணமாகிவிட்டது என்றேன். "அப்படியா, நல்லது" என்று சொல்லி, படங்களை ஒன்றாக அடுக்கி என் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த "நல்லது" எப்படி இருந்தது என்று என்னால் உங்களுக்குச் சொல்லிக் காட்ட முடியாது. சுவர் பாதிதான் நிரம்பியிருந்தது.

அந்த வாரம் இரண்டு நாள் மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன். உண்மையிலேயே மறந்துதான் போனேன். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இதில் நிறுத்துவது என்று ஒன்றும் இல்லை, தள்ளிப்போடுவதுதான். குளிர்காலம் வரை. படங்கள் முடிந்ததும் திரும்பவும் ஆரம்பித்துவிடலாம். மருந்து எங்கே ஓடிப்போகிறது. மாத்திரைகளைத் தூக்கி எறிய எனக்கு மனசு வரவில்லை. காலிப் பிலிம் டப்பாக்களில் போட்டுப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். உங்கள் ஆள் அலமாரியில் அவற்றைத் திறந்து, கேமராவுடைய உதிரிபாகம் என்று நினைத்து மூடப் பார்த்தார். நான்தான் சொன்னேன், இல்லைங்க, அது அக்காவோட மாத்திரை என்று. ஒத்துழைக்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அவற்றுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கிற சாதாரணச் சத்து மாத்திரை கொடுத்தேன். கெடுதல் செய்கிற எதையும் நான் அவளுக்குக் கொடுத்ததில்லை. இந்த இடத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கிறவனைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். இந்தப் பிலிமுக்கு நிறம் கிடையாது, எல்லாம் சாம்பலின் படிகள்தான். பல வருடமாக எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இது எந்தச் சாம்பல் என்றுதான் பார்ப்பேன். இரண்டு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துக் கண்ணைச் சுருக்கினேன். ஒரே அளவு, ஒரே சாம்பல். அச்சு அசலாக ஒரே மாதிரி. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்று இளஞ்சிவப்பு. இன்னொன்று வெளிர் மஞ்சள்.

அக்கா அதை விரலில் எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள், நூல் பார்ப்பதுபோல.

"கலர் மாறியிருக்கே."

"கம்பெனிக்காரன் மாத்திட்டான்க்கா."

"ரோஸ்ல இருந்து மஞ்சளுக்கா?"

"ஆமா. இப்ப எல்லாமே மாத்துறாங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, நீ பாத்துத்தானே வாங்கியிருப்ப" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்குத் தெரியுமா என்று நீங்கள் காலையிலிருந்து கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், வெள்ளையிலேயே சித்தப்பாவையும் பெரியப்பாவையும் பிரித்துப் பார்க்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் சாப்பிட்டிருக்கிறாள். அப்படிப் பார்த்தால் இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை. அவள் எனக்காக எதுவும் செய்வாள்.

நிழல் திரும்பி வந்தது. இந்த முறை சீக்கிரமாகவே வந்தது.

அவளுக்கு அது கஷ்டமாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டும் ஏன் இப்படி என்று அவளே கேட்டுக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் போகலாமா என்றாள். போன் செய்து கேட்டேன், கொஞ்சம் ஏறி இறங்கித்தான் சரியாகுமாம் என்று சொன்னேன். நான் போன் செய்யவில்லை. தையல் கூடத்தின் மேற்பார்வையாளர் அவளிடம், ரெண்டு வாரம் பார்க்கிறேன், கை நிற்கவில்லை என்றால் காலருக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து கையைப் பழக்கினாள். வேலை முடிந்து நான் வரும்போதெல்லாம் ஒரு ஊசியையும் நூலையும் வைத்துக்கொண்டு மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு கோத்துப் பார்ப்பாள். நூல் பக்கத்தில் போய்த் திரும்பும். மறுபடியும் நுனியை நாக்கில் வைத்து நனைத்துக்கொள்வாள். அதையும் எடுத்தேன். வெளிச்சம் குறைவு, ஷட்டரை மெதுவாக வைக்க வேண்டியிருந்தது. ஊசி கூர்மையாக நிற்க, விரல்கள் மட்டும் புகைபோலக் கலைந்திருக்கும். சுவரின் நடுவில் மாட்ட வேண்டிய படம் என்று படக்கூடத்து அம்மா சொன்னது அதைத்தான்.

"ரெண்டு ஊசி தெரியுதுடா" என்றாள் ஒரு நாள். "எதுல கோக்கறதுன்னு தெரியல."

இந்த நோய்க்குக் கண் அப்படியும் ஆகுமாம். எனக்கு அப்போது தெரியாது.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருக்கா."

"உன் கேமரா மாதிரி ஆயிட்டேன் போல. வளையத்தைத் திருப்பி விடேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று நான் படம் எடுக்கவில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் ஊசி கோத்துக் கொடுத்தேன். ஒன்று இல்லை, டப்பாவில் இருந்த எல்லா ஊசியிலும் கோத்து, வரிசையாகத் துணியில் குத்தி வைத்தேன், அவளுக்கு வாரம் முழுக்க வருகிற மாதிரி. ஒரு கொலைகாரன் இப்படிச் செய்வானா, சொல்லுங்கள். அவள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "டேய், எனக்கு வேலை போயிடுச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

ஒன்றும் போகாது என்று சொன்னேன். குளிர்காலத்துக்கு அதிக நாள் இல்லை.

வேலை போய்விட்டது. அந்தத் தையல் இயந்திரத்துக்கு உறை போட்டு மூடினாள்.

அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்கிறேன். காலையிலிருந்தே காய்ச்சல். அவள் கழுத்து நரம்பு துடிப்பதை அறையின் இந்தப் பக்கத்திலிருந்தே பார்க்க முடிந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஏதேதோ பேசினாள், மேற்பார்வையாளர் எதிரில் நிற்பதுபோல, நாளைக்கு வந்துடறேன் சார், கை நின்னுடுச்சு என்றாள். வெளியே மேகம் போட்டிருந்தது. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, வெயிலைவிட மேகம்தான் முகத்துக்கு நல்லது. ஜன்னல் முழுக்க ஒரே சீரான வெளிச்சம், பால் ஊற்றின மாதிரி. அந்த முகமும் அந்த வெளிச்சமும் ஒன்றாக அமைவது எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்று என்னால் சொல்ல முடியாது. அது அமையாமலே செத்துப்போன கலைஞர்கள் இருக்கிறார்கள்.

நடுவில் தெளிந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"டேய், நெஞ்சு என்னமோ பண்ணுது. போன் பண்ணுடா."

"இதோ, ஒரு நிமிஷம்க்கா."

"போதும்டா. அப்புறமா எடுத்துக்கோ."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அப்புறம் என்று ஒன்று அந்த வெளிச்சத்துக்குக் கிடையாது, அது அவளுக்குப் புரிந்திருக்கும். ரோலில் இன்னும் சில படங்கள் பாக்கி. பாதியில் நிறுத்துவது என் வழக்கம் இல்லை. ரோல் முடிந்த உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்ததும் படிக்கட்டில் ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை நானே பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டார்கள், சாப்பிட்டாள் என்றேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார்கள். அன்று சாயங்காலமே அக்கா போய்விட்டாள். நான் அழுதேன். நர்ஸைக் கேட்டுப் பாருங்கள், என்னை அவர்தான் பிடித்து உட்கார வைத்தார்.

நான் அவளைச் சாகடிக்க நினைக்கவே இல்லை. தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். கண்காட்சி திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள். காலையில் போனால் கூட்டம் இருக்காது. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஜனங்கள் ரொம்ப நேரம் நிற்கிறார்களாம். அக்காவை வாழ்நாளில் யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கேமராவை ஜாக்கிரதையாக வையுங்கள். பின்பக்கத்தைத் திறந்துவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது போய்விடும். அந்தப் பிலிமைக் கழுவ என்னைவிட்டால் இங்கே வேறு ஆள் கிடையாது. ஒரு மணி நேரம், ஒரு குளியலறை, உங்கள் ஆள் ஒருவர் கூடவே நிற்கட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆமாம். எத்தனை படம் எடுத்தாகிவிட்டது என்று காட்டுகிற அந்தச் சின்ன வட்டத்தில் முள் ஒன்பதில் நிற்கிறது, எனக்கும் தெரிகிறது. ரோல் முடிந்த உடனே போன் செய்தேன் என்கிறாயே, அப்படியானால் இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அந்த ரோல் முடிந்தது. சுற்றி வெளியே எடுத்தேன். புதியதைப் போட்டேன். இந்த மாதிரி கேமராவில் பிலிம் போடுவது லேசு இல்லை ஐயா. நுனியை உருளையின் இடுக்கில் செருக வேண்டும், ஓரத்துத் துளைகள் பல்லில் உட்கார வேண்டும். அக்கா கூப்பிட்டாள். எப்போதும் டேய் என்கிறவள், அன்றைக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், முழுப் பெயரை. இதோக்கா என்றேன். பிலிம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டேன். அந்த மாதிரி நேரத்தில் அவசரப்படக் கூடாது.